யோர்க்கின் முதுகு

ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரை ஊரான ஹாஸ்லாக்கில் புனிதர் சிலைகள் செதுக்கி வந்த யோர்க்குக்கு, திராட்சை அறுவடை முடிந்த வாரத்தில் முதுகு இல்லாமல் போயிற்று. முன்பக்கம் சரியாகவே இருந்தது: தாடி, தொந்தி, யாரைக் கண்டாலும் வழிகிற சிரிப்பு. பின்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை குடைந்தெடுத்த குழி. லிண்டன் கட்டையில் செய்கிற புனிதர்களை அப்படித்தான் குடைவார்கள். நடுமரத்தை விட்டுவைத்தால் காய்ந்ததும் வெடிக்கும், சுவரோடு நிற்பவருக்கு முதுகும் வேண்டியதில்லை. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஆளிடம் அதற்குமேல் எவரும் எதிர்பார்த்ததும் இல்லை.

அவன் மனைவி ஒட்டிலியாவுக்கு விஷயம் முன்பே தெரியும். அவன் ஒரு புனிதருக்குப் பணக்காரன் மூஞ்சியை ஒட்டவைத்தால் மறுநாள் காலை படுக்கையில் அவன் முதுகு பட்ட இடத்தில் மரச்சீவல் கிடக்கும். கசாப்புக்காரன் இராயப்பர் ஆனான். வட்டிக்காரன் வனத்து அந்தோணியார் ஆனான். அந்தோணியார் காலடியில் நிற்கிற பன்றிக்கு வட்டிக்காரனுடைய மச்சான் சாயல். அவள் சீவலைப் பெருக்கி அடுப்பில் போட்டாள். நன்றாகத்தான் எரிந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினாறு வயதில் காய்ச்சலில் போன மகள் அஃப்ராவின் முகம், ஊர்க் கோயிலுக்கு அவன் செய்துகொண்டிருந்த பெரிய பீடத்து மாதாவுக்கு வரவேண்டும். பெற்றவளுக்கே அந்த முகம் மறந்துகொண்டு வந்தது. கண் நினைவிருந்தது, வாய் கலைந்துவிட்டது. யோர்க் செபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். பிறகு மது வியாபாரியின் மனைவி வால்பர்கா ஒரு வாத்து வறுவலோடு வந்து போனாள். மாதாவுக்கு இரட்டை மோவாய் விழுந்தது.

"புரிஞ்சுக்கோடி ஒட்டிலி. அடுத்த பீடமும் அவங்க செலவுதான்."

"புரியுது. வாத்து எப்படி இருந்துச்சு?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

மறுநாள் குழி நெஞ்சுக்கூடுவரை போயிருந்தது.

பீடம் திறக்கிற நாளில் இன்னொரு கூத்து. அவசரத்தில் பச்சைக் கட்டையில் செதுக்கிய சூசையப்பர் நெற்றியோடு பிளந்து கிடந்தார். பீடத்தை ஆசீர்வதிக்க ஆயர் கோயில் வாசலுக்கு வந்தாயிற்று. யோர்க் கையைப் பிசைந்தான், காலி மாடத்தில் தானே ஏறி நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். அளவு கச்சிதம். அதன்பின் அவன் இறங்கவே இல்லை. அடுத்த வாரம் வர்ணக்காரன் வந்து அங்கிக்குத் தங்கம் பூசிவிட்டுப் போனான்.

"வீட்லயும் இப்படித்தான் நின்னாரு," என்றாள் ஒட்டிலியா.

திருநாட்களில் பீடக் கதவுகளைத் திறப்பார்கள். சனம் சூசையப்பரின் சிரிப்பை மெச்சிவிட்டுப் போகும். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை அவர் முதுகுக் குழியில் மெழுகுத் துண்டுகளும் விளக்குமாறும் வைத்திருந்தான். வருடங்கள் போயின. ஒரு சனிக்கிழமை ஒட்டிலியா பீடத்தின் பின்பக்கம் போனாள்.

"உன் விளக்குமாற எடு."

"நல்ல எடம்மா இது. ஈரமே அண்டாது."

"அதான் எடுங்கறேன்."

அவன் எடுத்தான். அவள், மகள் போன அன்று வெட்டி வைத்திருந்த அஃப்ராவின் பின்னலை வெள்ளைத் துணியில் சுற்றி, நெஞ்சுக்கு நேர் பின்னால் வைத்தாள். பிள்ளைக்கு அப்பன் சொன்ன இடம் இதுவல்ல. கிடைத்தது இதுதான்.

கோயில்பிள்ளை விளக்குமாற்றைப் பக்கத்து மாடத்து இராயப்பரின் முதுகுக்கு மாற்றினான்.