இருபதாவது பாட்டில்

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் மூன்றாவது தடவையாக எண்ணினார். பத்தொன்பது. நேற்று பெட்டியில் வந்ததோ இருபது.

"4471 நம்பர் பெட்டியில வந்த குளுக்கோஸ் பாட்டில் எதையும் யாருக்கும் ஏத்தாதீங்க, கெட்டுப்போன சரக்கு" என்று கம்பெனியிலிருந்து போன் வந்து பத்து நிமிடமாகிறது. காணாமல் போன ஒன்று யார் உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறதோ! இருபத்தெட்டுப் படுக்கையையும் நர்ஸ்கள் பார்த்தாயிற்று; இல்லை. அதை எடுத்துப்போன காலை நர்ஸ் ஷிப்ட் முடிந்து கிளம்பிவிட்டாள். போனை எடுக்கவில்லை.

மிச்சமிருப்பது, எந்தப் பாட்டில் யாருக்கு ஏறியது என்று நர்ஸ்கள் அடித்துவைக்கும், மாடி அறைக் கம்ப்யூட்டரில் உள்ள பதிவேடு. அதைக் கவனிக்கும் கிளார்க், அவர் மனைவியின் தம்பி.

"என்ன மாப்ளே, கிடைச்சுதா?" போனில் கத்தினார்.

"பூஜ்யம்னுதான் காட்டுது அத்தான். நாலு தடவை தேடிட்டேன்."

"பாட்டிலுக்குக் கால் முளைச்சுப் போச்சா?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? மெஷின் சொல்றதைத்தானே சொல்றேன்."

"சரி, கண்ணுக்கெதிரே இருக்கிற ஒரு வரியைப் படி."

"4380_12. பெட்டி நம்பர், அடிக்கோடு, படுக்கை நம்பர். நர்ஸம்மா எப்பவும் இப்படி ஒட்டித்தான் அடிப்பாங்க."

"இப்ப 4380ன்னு தேடு."

தட்டும் சத்தம். "அத்தான்... இதுக்கும் பூஜ்யம்!"

"கண்ணால பார்க்கிறதையே இல்லைங்குதா? தேடற பெட்டியில எதை டிக் பண்ணித் தொலைச்சே?"

"'முழுச் சொல் மட்டும்'. 7ன்னு தேடினா 17, 27 எல்லாம் வந்து கழுத்தை அறுக்குதேன்னு..."

"அடப்பாவி! அந்தக் கோடும் அதுக்கு ஒரு எழுத்துதான்யா. 4380_12 மொத்தமும் ஒரே சொல். பாதியைக் கேட்டா எப்படிக் கொடுக்கும்? டிக்கை எடுத்துட்டு 4471 போடு!"

ஒரு கிளிக்.

"வந்துச்சா? எந்தப் படுக்கை?"

"படுக்கை இல்ல அத்தான். '4471_மேசை'ன்னு இருக்கு."

"மேசைக்கு எவன்யா குளுக்கோஸ் ஏத்துவான்?"

"காலையிலேர்ந்து நூத்திரண்டு காய்ச்சல். சொன்னா உடனே அக்கா காதுக்குப் போகும், அவ வந்து இழுத்துட்டுப் போயிடுவான்னு உங்ககிட்ட மறைச்சேன். நர்ஸம்மா என் மேசைக்கிட்ட இந்த நாற்காலியிலேயே உட்கார வெச்சு ஏத்திவிட்டாங்க. பாட்டில் முதுகுக்குப் பின்னால தொங்குது, நம்பர் தெரியல; பூஜ்யம்னு வந்ததும் இது வேற சரக்குன்னு நம்பிட்டேன். பாதி இறங்கிடுச்சு அத்தான்."