கூடவும் இல்லை, குறையவும் இல்லை

பதினோரு வருஷத்தில் ஸ்டோர் கீப்பர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு எட்டு வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். குழாயும் வால்வும் மொத்தமாக விற்கும் கம்பெனி அது. ஸ்டோரில் நாற்பது ரேக். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, இருப்பது எல்லாம் அவர் கையெழுத்தில். வருஷத்துக்கு இரண்டு முறை சரக்கு எண்ணுவார்கள். எண்ணுவதும் அவர்தான், ரிஜிஸ்டரை வைத்திருப்பதும் அவர்தான். முடிந்ததும் மேனேஜர் கேட்பார்.

"என்னப்பா?"

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல சார்."

அதனால் அவருக்குப் பெயர் தராசு. முதலில் கேலியாக வைத்தார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட் மேடம் வந்தார். தூசி ஒத்துக்கொள்ளாத மூக்கு, கையில் கைக்குட்டை. கூடவே இரண்டு விதிகள். சாவி வைத்திருப்பவர் வருஷத்தில் பத்து நாள் கட்டாயம் லீவில் போக வேண்டும், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. அடுத்தது, எண்ணுகிறவர் கையில் கொடுக்கும் தாளில் பொருளின் பெயர் மட்டும்தான் இருக்கும். இருப்பு எத்தனை என்று இருக்காது.

"எத்தனை இருக்கணும்னு தெரியாம எப்படி மேடம் எண்ணுறது?" என்றார் தராசு.

"தெரிஞ்சா யாரும் எண்ண மாட்டாங்க சார். பாத்துட்டு டிக் போடுவாங்க."

லீவு எப்போதிருந்து என்று கேட்டார். மேடம் சாவிக்காகக் கையை நீட்டினார். இப்போதிருந்து.

அன்று வியாழக்கிழமை. பேக்கிங் மேஜையில் வேலை மும்முரம். அங்கே இருப்பவன் எந்நேரமும் ஒட்டு டேப் சுருளை வளையல்போல் கையில் மாட்டியிருப்பான். டேப்பு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தராசு வெறுங்கையோடு வெளியே வருவதைப் பார்த்து அவன் சிரித்தான்.

"போங்கண்ணே. அண்ணி கையால நாலு நாள் சூடா சாப்பிடுங்க. ஸ்டோர் எங்கயும் ஓடிப் போயிடாது."

"ஓடாதுடா. நகரும்."

சொல்லிவிட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். உடைந்த பலகைகளுக்குப் பின்னால் நீல டிரம் ஒன்று இருந்தது. அதை அப்புறப்படுத்த ஒரு நாள் கிடைக்கும் என்று நினைத்திருந்தார். ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் அவரை எங்கே வைப்பதென்று மனைவிக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார்.

"என்னங்க, இது என் ஸ்டோர். இங்க நான்தான் கீப்பர். தள்ளுங்க."

தள்ளி நின்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கேக்கவே பயமா இருக்கு. எதையாவது எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. வச்சேன்."

"வச்சா தப்பா?"

"அதுதான் எனக்கும் தெரியல."

எட்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது. மேடம்தான். உடனே வரச் சொன்னார்.

டிரம் ஸ்டோரின் நடுவில் நின்றது. பக்கத்தில் மேடம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இருந்த பதினோரு வருஷத்துல குறைவு ஒண்ணுகூட இல்ல. நீங்க போன எட்டு நாள்ல முக்கால் இஞ்ச் பித்தளை வால்வு ஏழு குறையுது. இதைப் படிக்கிறவங்க ரெண்டு விதமா படிப்பாங்க சார். தராசு இருந்தா திருடனுக்குப் பயம். இல்லன்னா, அந்தத் தராசுலயே ஏதோ…" தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த டிரம் யாரோடது?"

டிரம்மில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னோடது."

சேர்ந்த முதல் மாதம். ரேக்கில் ஒரு வால்வு குறைந்தது. மூன்று முறை எண்ணிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் குறைவு என்று ஒரு கட்டம் உண்டு. புது ஆள் முதல் மாதமே அதில் எழுதினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அதே வாரம் நூறு என்று வந்த பெட்டியில் நூற்றொன்று இருந்தது. கூடுதலான அந்த ஒன்றை வரவு வைக்காமல் ரேக்கில் போட்டார். கணக்கு நேரானது. அதிலிருந்து கூடுதலாக வந்தது, பில் இல்லாமல் திரும்பி வந்தது எல்லாம் டிரம்முக்குப் போயின. ரேக்கில் குறைந்தால் டிரம்மிலிருந்து வரும். அனுப்பும் இடத்தில் எண்ணிக்கை தவறியிருக்கும், அவ்வளவுதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"டிரம்ல முக்கால் இஞ்ச் ஒண்ணுகூட இல்லையே?"

"போன வருஷமே தீந்துடுச்சு மேடம்."

"அப்புறம்?"

தராசு தரையைப் பார்த்தார்.

"கடையில வாங்கி வச்சேன். என் காசுல."

மேடம் கைக்குட்டையை மடியில் வைத்தார்.

"திருடறவன் உள்ள இருந்து வெளிய கொண்டு போவான். நீங்க வெளிய இருந்து உள்ள கொண்டு வந்திருக்கீங்க. எங்க ஃபாரத்துல இதுக்குக் கட்டமே இல்ல சார்." சிரித்ததுபோல் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை வச்சிருப்பீங்க?"

ஞாபகமில்லை என்றால் மேடம் அதையும் நம்ப வேண்டியதுதான். தராசு முக்கால் இஞ்ச் ரேக்குக்குப் போனார். அட்டையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் தேதி. யாரிடமும் காட்டாத கணக்கையும் அவரால் எழுதாமல் இருக்க முடிந்ததில்லை.

மேடம் போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். விரல் ஒவ்வொரு தேதியாக நகர்ந்தது.

"கடைசி மூணு வருஷமா எல்லாம் வெள்ளிக்கிழமை."

"தினமும் காலையில ரேக்கைச் சரி பாப்பேன் மேடம்."

"வியாழக்கிழமை லோடு போகுது. இன்னைக்கு வியாழன். காலையில ஒட்டி வச்ச பெட்டி ஒண்ணைப் பிரிச்சேன். சீட்டுல இருபது. உள்ள இருபத்து நாலு. மிச்சம் மூணு போன வாரமே போயிருக்கு. வாங்கற கடைக்காரனும் கூட்டு. கேட்ல பெட்டியை எண்ணறாங்க, பெட்டிக்குள்ள யாரும் எண்ணல." எழுந்து கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். "உள்ள வாப்பா."

டேப்பு வந்தான். கையில் டேப் இல்லை. அந்தக் கை அவனுடையது மாதிரியே இல்லை.

தராசுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ஏண்டா, பக்கத்துல பக்கத்துல நின்னு எத்தனை வருஷம்டா? எனக்கே குழி தோண்டினியா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேண்ணே."

"என்னடா உளர்ற?"

"முதல் தடவை ரெண்டு எடுத்தேன். மறுநாள் மாட்டிப்போம்னுதான் இருந்தேன். நீங்க வந்தீங்க, எண்ணுனீங்க. படிக்கட்டுப் பக்கம் போய் ரெண்டு எடுத்துட்டு வந்து வச்சீங்க. ஒரு வார்த்தை கேக்கல. பையனுக்கு ஆபரேஷன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். தெரிஞ்சுதான் விடுறீங்க, பெரிய மனசுன்னு நெனச்சேன். அன்னைக்கு நீங்க ஒரு அறை விட்டிருந்தா அதோட நிறுத்தியிருப்பேண்ணே."

அவன் அழவில்லை. உள்ளதைச் சொன்னான்.

அந்த வெள்ளிக்கிழமை தராசுக்கும் ஞாபகம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் டேப் கிழிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்திருக்கலாம். திரும்பவில்லை. திரும்பினால் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் எழுத வேண்டியிருக்கும்.

டேப்புவை மேனேஜர் அறைக்கு அனுப்பினார்கள். மேடம் ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"நடந்ததை உங்க கையால எழுதுங்க சார். காசு போட்டு வாங்கினதையும் எழுதுங்க, அது உங்களுக்கு உதவும். கடைசியில ஒரு கேள்வி இருக்கு. இவன் எடுத்தது தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா எச்சரிக்கையோட போயிடும். தெரியும்னா என் கையில இல்ல."

தராசு எழுதினார். டிரம், தேதிகள், கடை, விலை. கையெழுத்து அட்டையில் இருப்பதுபோலவே வரிசையாக நின்றது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுதி முடித்துத் தாளைத் தள்ளினார். மேடம் வாசித்தார். தெரியும் என்றும் இல்லை, தெரியாது என்றும் இல்லை. 'நான் கேட்கவில்லை' என்று இருந்தது.

"இதை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

"தெரியல மேடம். ஆனா அதுதான் சரி."

மேடம் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். இனிமேல் கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேர் கையில் சாவி என்றார். அதில் ஒருவர் அவரா என்பதை மேனேஜர்தான் சொல்ல வேண்டும்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"வரக் கூடாது சார். லீவு பத்து நாள். எட்டுதான் ஆச்சு."

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னங்க ஆச்சு? வேலை இருக்கா?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"டேப்பு வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரேன். பையன் எப்படி இருக்கான்னு இன்னும் கேக்கல."