மகளைப் பறிகொடுத்த பயிற்சியாளர்

இளைஞர்களுக்கு மனஉறுதிப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் அது. பயிற்சியாளர் மேடை ஏறும் முன் அவரைப் பற்றி நாலு வரி வாசிப்பது அங்கே வழக்கம். அந்த வரிகளை முதலாளியே எழுதுவார். ஒரு காலத்தில் குளியலறை ஓடு விற்றவர் என்பதால் தேங்கிய சரக்குக்கு மெருகேற்றுவது அவருக்குக் கைவந்த கலை. விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு நீட்டியவர் அவர் கையில் ‘நெருக்கடி மேலாண்மை நிபுணர்’ ஆனார். போலீஸ் நாய்களைப் பழக்கியவர் ‘நடத்தை அறிவியலாளர்’ ஆனார். நாய்களிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும்.

நம்ம ஆள் பல வருடம் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். மாடிப்படி ஏறி வரும் குடும்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் யார் பேச்சு எடுபடும், யார் மனசு சீக்கிரம் இளகும் என்று கணித்துவிடுவார். ‘மனித மனங்களை ஆராய்ந்தவர்’ என்று முதலாளி எழுதிப் பார்த்தார். கூட்டம் கொட்டாவி விட்டது.

“உங்க வாழ்க்கையில ஒரு அடி வேணும் சார்,” என்றார் முதலாளி. “பெரிய அடி. அதுல இருந்து எழுந்து வந்திருக்கணும். ஏதாவது இருக்கா?”

யோசித்ததில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. பள்ளிக் கடைசி வருடத்தில் மகள் இரண்டு பாடத்தில் தோற்றாள். “இன்னையோட என் பொண்ணு செத்துட்டான்னு நினைச்சுக்கறேன்” என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தார். பிறகு அவள் திரும்ப எழுதித் தேறினாள், கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. இதை அவர் கூச்சத்தோடுதான் சொன்னார். முதலாளி பாதியை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் கூட்டத்தில் வாசித்தார்கள்: ‘தேர்வுத் தோல்வியால் ஒரே மகளைப் பறிகொடுத்தவர்.’

முதல் கூட்டத்தில் அவர் அந்தப் பேச்சை அவசரமாகக் கடந்தார். இரண்டாவதில் நா குழறியது. மூன்றாவதில் கண்ணீர் தானாக வந்தது, அதுவும் சரியான இடத்தில். மேடையில் ஒரு காலி நாற்காலி போடுவார். மாணவர் யாராவது அதில் உட்கார்ந்து, செத்துப்போன மகளாக அவரிடம் பேச வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்பார். அரங்கமே தேம்பும். தானே எழுதிய வரி என்பதை மறந்து முதலாளியும் தேம்புவார். மனைவிக்கும் மகளுக்கும் தெரிந்ததெல்லாம், அப்பா பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதுதான்.

மகள் படிக்கும் கல்லூரிப் பக்கமே போகாமல் இரண்டு வருடம் ஓட்டினார். ஒரு நாள் அங்கே பேச வேண்டிய ‘நெருக்கடி மேலாண்மை’ விமானக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வேனைத் திருப்பச் சொன்ன முதலாளி, விஷயத்தையும் உடைத்துச் சொன்னார். அந்தக் கல்லூரியைப் போல இன்னும் பல கல்லூரிகளை நடத்தும் அம்மையார் இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லாக் கல்லூரியும் நமக்கு, உங்கள் வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் துணிக்கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

வேனிலிருந்து இறங்கியதும் மகளுக்குப் போன் போட்டார். “உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடும்மா.”

“எனக்கு என்னப்பா? நல்லாத்தானே இருக்கேன்.”

“சொன்னா கேளு.”

“இன்னைக்கு ஆடிட்டோரியத்துல ஏதோ ப்ரோக்ராம்பா. வரலன்னா அட்டெண்டன்ஸ் போயிடும்.”

முதலாளி பக்கத்தில் வந்ததால் அவர் போனை வைத்துவிட்டார்.

மேடைக்குப் போனதுமே மூன்றாவது வரிசையில் மகளைக் கண்டுபிடித்துவிட்டார். துணிக்கடையில் பழகிய கண்ணுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? அவளும் பார்த்தாள். கையை உயர்த்தப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், உயர்ந்த கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆனாலும் முகத்தில் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தோழியை இடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அறிமுகம் வாசிக்க ஆரம்பித்தார்கள். ‘மனித மனங்களை ஆராய்ந்தவர்’ என்றதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரி வந்த பிறகும் அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உதட்டிலேயே நின்றது.

அவர் வேறு கதை சொல்லியிருக்கலாம். துணிக்கடைக் கதைகள் கைவசம் இருக்கவே செய்தன. ஆனால் அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நம்ம பொண்ணுதானே, சாயங்காலம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று கணக்குப் போட்டார். சொந்தப் பிள்ளை என்றால் எதையும் தாங்கும் என்று நினைக்கிற ஜாதி அவர். மைக்கை வாங்கினார்.

“என் பொண்ணுக்கும் உங்க வயசுதான் இருந்திருக்கும்,” என்று ஆரம்பித்தார். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். மூன்றாவது வரிசைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். “யாராவது ஒருத்தர் வாங்க. அன்னைக்கு அவ சொல்ல வந்ததை நான் கேக்கல. இன்னைக்குக் கேக்கறேன்.”

வழக்கமாக, இளகிய முகமாகப் பார்த்து அவரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். இன்றைக்கு அவர் தேடுவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்தாள். படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா,” என்றாள். “நான் செத்துட்டேன்னு நீங்க சொன்னப்ப உங்க எதிர்லதான் நின்னுட்டிருந்தேன்.”

எங்கோ ஒரு விசும்பல் கேட்டது.

“அப்புறம் நான் சாப்பிட உக்காந்தா நீங்க தட்டோட எழுந்து போயிடுவீங்க. நிஜமாவே நான் இல்லையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணாடியில போய்ப் பாத்துக்குவேன்.” அவள் குரல் உயரவில்லை. “ஒண்ணு மட்டும் கேக்கணும்பா. நான் திரும்ப எழுதி பாஸ் பண்ணியிருந்தா, அப்பவும் என்னைச் சாகடிச்சிருப்பீங்களா?”

அம்மையார் கைக்குட்டையை எடுத்தார். அரங்கில் பாதிப் பேர் வெளிப்படையாக அழுதார்கள். இனி அப்பாவின் முறை. வாயில் வந்தது எல்லா ஊரிலும் வந்த அதே வரிதான்.

“என்னை மன்னிச்சிடும்மா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்.”

மனசார முதல் தடவையாகச் சொன்னார். ஆனால் குரல், பழக்கதோஷத்தில், எப்போதும் உடைகிற இடத்தில் எப்போதும் போலவே உடைந்தது. மகள் அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தொழிலாகத்தான் கேட்டது.

“மன்னிக்க நான் இல்லையேப்பா,” என்று சொல்லி மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மையார் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பயிற்சியாளரின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, “இனி நீங்க நம்ம நிரந்தர ஆள்,” என்று சொல்லி முடிக்கும்போது மகள் உள்ளே வந்தாள்.

“பிரமாதம்மா. பேசினதெல்லாம் நீயா யோசிச்சதா?”

“ஆமா சார்.”

“லீவு நாள்ல எங்ககூட வந்து இதே மாதிரி பேசணும். உங்கப்பாகிட்ட நானே கேக்கறேன். அவர் என்ன பண்றார்?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் சொல்ல வேண்டும், அது அவருக்கும் தெரியும். ‘நான்தான் சார்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தோளில் கிடந்த முதலாளியின் கை கனத்தது. அவர் தரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவருக்குப் போதுமான அவகாசம் கொடுத்தாள்.

“அப்பா இல்ல சார்,” என்றாள். “நான் ஸ்கூல் முடிச்ச வருஷமே போயிட்டார்.”

முதலாளிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் அவள் தலையைத் தொட்டார். இன்னொரு கையால் பயிற்சியாளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பாருங்க சார். இவளுக்கு அப்பா இல்ல, உங்களுக்குப் பொண்ணு இல்ல. எவ்வளவு பொருத்தம்.”

“ஆமா சார்,” என்றார் அவர். “பொருத்தம்தான்.”