முன்சக்கரத்தில் ஒரு குடம் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் இரும்புத் தட்டிலிருந்து. என் காரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்த பட்டறையின் மூலையில் அது கிடந்தது. பிரேக் டிஸ்க். முன்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் இருபக்கமும் பிடி விழுந்து வண்டி நிற்கும். அந்தத் தட்டில் விளிம்புவரை விரிசல் ஓடியிருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"ஒரு நர்ஸக்காவுக்க வண்டி. அவங்க அம்மா செய்த வேல" என்றான் மெக்கானிக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தாய் எதற்காக மகளின் பிரேக்கை உடைக்க வேண்டும்? அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. மற்றதெல்லாம் நான் கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

"மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில் அபிதா…"

(வேண்டாம். மேகத்துக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?)

"அபிதாவுக்குச் சாவு பழகிப்போயிருந்தது…"

(பொய். யாருக்குப் பழகும்?)

நேராகவே சொல்கிறேன். அபிதா சுசீந்திரத்துக்காரி. படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். புண் கழுவுவாள், வலிக்கு மருந்து கொடுப்பாள். குணமாக்குவது அவள் வேலையில் இல்லை. காரில்லாமல் அந்த வேலையும் இல்லை.

சிதறால் பக்கம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள். ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் உதறியது. மிதிகட்டை காலைத் தள்ளித் தள்ளி அடித்தது. முன்னால் ரப்பர் மரத்துப் பால் கேன் கட்டிய பைக். அந்த ஆள் பயந்து பைக்கைப் போட்டுவிட்டு ஓரமாகக் குதித்தார். கேன் உருண்டு ரோடெல்லாம் வெள்ளையாக ஓடியது. கார் அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இருவரும் அந்தப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3

மெக்கானிக் ஷாஜன் இனயத்துக்காரன், வளைகுடாவில் வண்டி பிரித்துப் பூட்டியவன். இந்தப் பழுதில் அவன் மானமே போய்க்கொண்டிருந்தது. முதல்முறை வீல் பேலன்ஸ் என்றான். ஆனால் பிரேக் மிதிக்கும்போது மட்டும்தானே உதறுகிறது? பிறகு தட்டைப் பிடிக்கிற பிரேக் பேடை மாற்றினான். கடைசியில் டிஸ்க்கையே மாற்றினான். சில மாதம் நன்றாக ஓடி, மறுபடி அதே உதறல். இப்போது கழற்றிப் பார்த்தால் புதுத் தட்டு கோணியிருந்தது, விரிசலும் விட்டிருந்தது. அவனுக்கே முகம் வெளிறிவிட்டது.

"வண்டி ஓடி நின்ன சூட்டோட வீலுல தண்ணி அடிப்பியளா? சூட்டு இரும்புல பச்சத்தண்ணி பட்டா இப்பிடித்தான் கோணி வெடிக்கும்."

"ஞாயித்துக்கெழம காலம்பற கழுவுவேன். அவ்வளவுதான்."

(அவள் பொய் சொல்லவில்லை. துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்குப் போய் வந்தால் நேரே கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். வண்டிக்கும் அதே விதி என்று வைத்திருந்தாள் அவள் அம்மா உலகம்மாள். நோயாளி யாராவது இறந்த நாளில், மகள் குளிக்கப் போனதும் வாசலில் நிற்கும் காரின் சக்கரத்தில் ஒரு குடம் தண்ணீர். அது தீட்டுக் கழிப்பது, வண்டி கழுவுவது அல்ல. அதனால் அபிதாவுக்கு நினைவே வரவில்லை. ஷாஜனின் கடற்கரை ஊரில் இந்த வழக்கம் கிடையாது. அவனுக்கும் கேட்கத் தெரியவில்லை.)

4

மறுபடி புது டிஸ்க் போட்டு ஓட்டிவந்த அன்று யாரும் இறக்கவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். துண்டை மறந்து திரும்பியவள் வீட்டு மூலையில் அப்படியே நின்றுவிட்டாள்.

உலகம்மாள் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் சுர்ரென்று இரைந்தது. வெள்ளைப் புகை எழுந்தது. ஊர்ச் சாமியைக் கூப்பிட்டாள்.

"தாணுமாலயா, எம் பிள்ளைக்கக் கூட வந்தது இதோட போட்டும்."

சாவு நாளில் மட்டுமல்ல, தினமும்! மகள் சாவை மறைக்கிறாள் என்று நினைத்து, ஒருநாள் விடாமல் ஊற்றியிருக்கிறாள். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து, மகளின் பிரேக்கில்.

(முதலில் எழுதிய வரைவில் உலகம்மாளுக்கு விபத்தில் செத்துப்போன ஒரு மகனைக் கொடுத்திருந்தேன், அவள் பயத்துக்குக் காரணமாக. அடித்துவிட்டேன். பெற்ற பிள்ளை தினமும் சாவின் வாசல்வரை போய் வருகிறாள். இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?)

5

முடிவு ஒன்று: அபிதா விஞ்ஞானம் விளக்குகிறாள், அம்மா புரிந்துகொண்டு குடத்தைக் கவிழ்க்கிறாள். எழுதினேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. கிழித்தேன்.

முடிவு இரண்டு: அம்மாவிடம் எதுவும் சொல்லாமல், தெப்பக்குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, சக்கரம் ஆறியபின் வீட்டுக்குப் போகிறாள். ஆறிய இரும்பில் தண்ணீர் பட்டால் பாதகமில்லை. கெட்டிக்காரத்தனமான முடிவு. எனக்கும் பிடித்திருந்தது. உலகம்மாள்தான் விடவில்லை.

அன்று அவள் வழக்கம்போல் ஊற்றினாள். சக்கரம் இரையவில்லை. குனிந்து பார்த்தாள். இன்னும் ஊற்றினாள். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

"இன்னைக்குப் புகையே வரல்லியே. அது போவல்ல, மக்ளே."

இத்தனை நாளும் அந்தப் புகையைத்தான் சாவு இறங்கிப் போவதாக அவள் நம்பியிருக்கிறாள். வண்டியிலிருந்து போகவில்லை என்றால் வேறெங்கே இருக்கும்? குடத்தில் மிச்சமிருந்ததை மகளின் தலையில் ஊற்றினாள், உடுப்போடு. அபிதா மூச்சு முட்டி நின்றாள். உலகம்மாள் புகை எழுகிறதா என்று மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. அவள் சொல்லாவிட்டால், நாளை அம்மா கொதிக்கும் சக்கரத்தைத் தேடிக்கொண்டு ரோட்டுக்கே வருவாள். சொன்னால், இத்தனை நாள் தன் கையாலேயே பிள்ளையைக் கொல்லப் பார்த்தோம் என்று உலகம்மாளுக்குத் தெரிந்துவிடும்.

தலையில் நீர் வழிய அபிதா வாயைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, நீ ஊத்துன தண்ணிதான்…"

இவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது. உங்களுக்கும் ஓர் அம்மா இருப்பாள். மீதி வாக்கியத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.