கடைசி நூறு மீட்டரில் ஜெயபாய்

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்தது இல்லை, வாசகரே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவங்காடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற சிவதாணுவாகிய எனக்குக் காலை நேரத்தில் கதை தோன்றாது, இட்லிதான் தோன்றும். இது ஓர் அசட்டு உபகாரத்தில் பிறந்த கதை.

போன மாசி மாதம் விடிந்தும் விடியாமலும் கவடியார் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அறுபது வயதுள்ள ஓர் அம்மாள் முழங்கையை மடக்கி, இடுப்பை இடமும் வலமுமாக வெட்டி, அப்படியொரு வேகத்தில் நடந்துகொண்டிருந்தார். யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், பாவம், ஆட்டோ கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டி, "அம்மா, ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

அவர் நிற்கவில்லை. "எங்க கொண்டு விடுவே?"

"நீங்க போற இடத்துக்கு."

"நான் வீட்டுல இருந்து வாறேன், வீட்டுக்குத்தான் போறேன். எதுக்கு மக்கா உனக்கு பெட்ரோல் செலவு?"

அவருக்குப் பின்னால் அதே வயதில், கொஞ்சம் பூசினாற்போல இன்னோர் அம்மாள் சைக்கிளில் வந்தார். சாலையைப் பார்க்காமல் முன்னால் போகிறவரின் கால்களையே பார்த்துக்கொண்டு மிதித்தார். "ஏட்டி, வாயை மூடிட்டு நட. இடது காலு தூக்குது" என்றார்.

முன்னால் போனவர் ஜெயபாய். பின்னால் வந்தவர் பொன்னம்மை. கதையில் இவர்கள் இரண்டு பேரும் நானும்தான் இருக்கிறோம்.

2.

நடைப்போட்டி என்று ஒரு விளையாட்டு உண்டு. அதன் விதியைக் குழந்தைக்கும் சொல்லிவிடலாம்: ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது ஓட்டமாகிவிடும், அதைத்தான் தூக்குவது என்பார்கள். ஓரத்தில் நடுவர்கள் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். முதலில் மஞ்சள் மட்டை காட்டி எச்சரிப்பார்கள். அப்புறமும் தூக்கினால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று நடுவர்கள் எழுதிவிட்டால் ஆள் வெளியே போக வேண்டியதுதான்.

ஊரில் முதன்முதலாகப் பெண்களுக்கு இந்தப் போட்டி வைத்தபோது பெயர் கொடுத்தவர்கள் ஜெயபாயும் பொன்னம்மையும் மட்டுமே. எண்பத்து நாலாம் வருடம் அது.*

(* பழைய செய்தித்தாளைப் புரட்டப் போய்விடாதீர்கள். இது கதை. எண்பத்து நாலு எனக்கு வசதியான வருடம்.)

கூடவே வண்டியை உருட்டிப் பேச்சுக் கொடுத்ததில் இதெல்லாம் தெரிந்தது, இரண்டு பேருடைய போன் நம்பரும் கிடைத்தது. முன்னோடிப் பெண்கள் கையில் கிடைத்துவிட்டார்கள். விடுவேனா? அன்று மாலையே உட்கார்ந்து ஒரு தொடக்கம் எழுதினேன்:

"வறுமையின் கொடிய கரங்கள் அச்சிறுமியின் பிஞ்சுக் கால்களைப் பற்றி இழுத்தபோதும் அவள்—"

[அடித்துவிட்டேன். போனில் வாசித்துக் காட்டியதும் ஜெயபாய் சொன்னது இது:]

"யாருக்குலே வறுமை? எங்க அப்பா மார்த்தாண்டத்துல இருந்து இங்க வந்து மேஸ்திரியா நின்ன ஆளு. ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுல ஆட்டுக்கறி. எனக்கு முதல் ஷூ அவருதான் சாலைக் கடைத்தெருவுல வாங்கித் தந்தாரு. வளருத பிள்ளைன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்கு அன்னைக்கு உள்ள கஷ்டம்."

சரி, வறுமை போனால் எதிர்ப்பு இருக்கிறதே என்று மறுபடி எழுதினேன்:

"பெண்பிள்ளை தெருவில் இறங்கி நடப்பதா என்று ஊரே கொதித்தெழுந்தது. கல்லெறிந்தவர்கள் எத்தனை பேர், காறி—"

[இதைப் பொன்னம்மை அடித்தார்.]

"ஊரு எங்க கொதிச்சுது? ஊரு சிரிச்சுது. ஆட்டோக்காரன் எல்லாம் 'சேச்சி, கேறிக்கோ'ன்னு மலையாளத்துல ஏறச் சொல்லிக் கூடவே வருவான். ஒரு நாளு போலீஸ் ஜீப்பு வந்து நின்னுது. நாங்க ரெண்டு பேரும் கையை வீசிக்கிட்டு போறதப் பாத்துட்டு, திருடனை விரட்டிட்டுப் போறோம்னு நெனச்சிட்டாரு ஏட்டு. 'எந்தப் பக்கம் போனான்'னு கேட்டாரு. இவ சும்மா இருக்காம கிழக்கே கையைக் காட்டிட்டா. ஜீப்பு அந்தால பறந்துட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன, நாங்க மேற்க நடந்தோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. முன்னோடி என்றால் அழ வேண்டாமா? இருபது வருடமாக நான் கதை எழுதுகிறேன், என் பெண் பாத்திரங்களில் அழாதவள் ஒருத்தி இல்லை. இந்த இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து என் பத்திகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

3.

சிரிப்புக்கு நடுவே ஒரு விஷயம் மட்டும் என் கையில் சிக்கியது. அதைச் சொல்கிறேன்.

அந்த முதல் போட்டியில் ஜெயபாய் பாதிச் சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன ஆளைச் சிவப்பு காட்டி வெளியேற்றிவிட்டார்கள். பொன்னம்மை தனியாக நடந்து முடித்து முதல் பரிசு வாங்கினார். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது, பிற்பாடு நடுவர் பரீட்சை எழுதித் தேறினார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஜெயபாய் அப்பாவின் தொழிலுக்குப் போனார். டைல்ஸ் பதிக்கும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்து, தங்கபாண்டி என்கிற தலைமைக் கொத்தனாரையும் ஏழெட்டு ஆட்களையும் வைத்து நடத்துகிறார். ஹாலின் நீளத்தைக் காலால் அளந்தே சொல்லிவிடுவார், டேப் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

ஆனால் நடப்பதை விடவில்லை. வருடா வருடம் எங்கே போட்டி என்றாலும் போய்ப் பெயர் கொடுப்பார். எல்லாவற்றிலும் முன்னால் போவார். எல்லாவற்றிலும் வெளியேற்றுவார்கள்.

"ஒண்ணு கூட முடிச்சதில்ல, கேட்டியா. கோடு எப்படி இருக்கும்னு பக்கத்துல போய்ப் பாத்ததே இல்ல. எனக்குத் தந்த சிவப்பு அட்டை எல்லாத்தையும் சேத்துத் தச்சா ஒரு சேலை தேறும், பிளவுஸோட."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு இல்லை. "ஒரு தடவை முடிக்கணும் தாணு. மெடல் கிடக்கட்டும். யாரும் என்னை வெளிய கூப்பிடாம, முழுசா நடந்து அந்தக் கோட்டைத் தாண்டணும். அறுபத்தொண்ணு ஆச்சு. முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டரு சொல்லுகாரு, அவருக்கே உறுதி இல்ல."

வரும் ஞாயிற்றுக்கிழமை பாளையம் பக்கத்து ஸ்டேடியத்தில் மூத்தோர் தடகளப் போட்டி. பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. ஜெயபாய் பெயர் கொடுத்துவிட்டார். தலைமை நடுவர் யார் தெரியுமா?

பொன்னம்மை.

இன்னும் ஒரு விதி பாக்கி இருக்கிறது. கடைசி நூறு மீட்டரில் மூன்று அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். அப்பட்டமாகத் தூக்கினால் தலைமை நடுவர் தன்னந்தனியாகவே சிவப்பு மட்டையை உயர்த்தி ஆளை வெளியேற்றலாம். ஜெயபாய் தூக்குவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். கோடு கண்ணில் பட்டுவிட்டால் காலுக்குப் பொறுமை இருப்பதில்லை.

4.

ஆகா, கதை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். தோழிகள், ஒருத்தி ஜெயித்தவள், மற்றவள் தோற்றவள், நடுவில் ஒரு சிவப்பு மட்டை. எழுதினேன்:

"பொன்னம்மையின் கண்களில் நாற்பதாண்டுப் பொறாமை நீறு பூத்த நெருப்பாய்க் கனன்று—"

எழுதியதோடு நிற்காமல் அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என்ன புத்தியோ. ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

"வில்லி ஆக்கியாச்சு அல்லே. நல்லது. இவளுக்கு காலு நேராகணும்னு விடியுததுக்கு முன்ன எழுந்து எட்டு மாசமா சைக்கிள் மிதிக்குத வில்லி. ஒரு நாளு நீ மிதிச்சுப் பாரு மக்கா, பொறாமை எங்க வலிக்குதுன்னு தெரியும்."

[பொறாமையை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும்.]

மறுநாள் காலை நடை முடிந்து மூன்று பேரும் மியூசியம் எதிரில் டீயும் பழம்பொரியுமாக நின்றோம். நான் என் பெரிய யோசனையை அவிழ்த்தேன். "பொன்னம்மை அக்கா, நீங்க அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு ஒதுங்கிட்டா என்ன? வேற யாராவது நடுவரா நிக்கட்டுமே."

பதில் சொன்னது ஜெயபாய். "அவ நிக்கணும்லே. இந்த ஊருல என் காலை முழுசாப் பாத்தவ இவ ஒருத்திதான். வேற ஆளு விட்டான்னா, அவன் சரியாப் பாக்கலைன்னு எனக்கே சந்தேகம் வரும். இவ பாத்துட்டு விட்டாத்தான் நான் முடிச்சது."

"தூக்கினா காட்டுவேன்" என்றார் பொன்னம்மை, டீயை ஊதிக்கொண்டே.

"காட்டு. காட்டாம விட்டே, உன் சைக்கிள் டயரு ரெண்டுலயும் காத்து இருக்காது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொன்னம்மை கொஞ்சம் சீக்கிரமாகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டதாக எனக்குப் பட்டது. பட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

5.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். பத்திரிகைக்குக் கதை வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். இதழ் சனிக்கிழமை கடைக்கு வரும். போட்டி ஞாயிற்றுக்கிழமை. நடக்காத ஒன்றுக்கு நான் முடிவு எழுத வேண்டும்.

முடிவு அ: ஜெயபாய் சுத்தமாக நடந்து கோட்டைத் தாண்டுகிறார், ஸ்டேடியம் எழுந்து நிற்கிறது. [மூத்தோர் போட்டிக்கு ஸ்டேடியம் எழுந்து நிற்காது. உமாசங்கர் என்ற கிரவுண்ட்ஸ்மேன் ஒருவர் இருப்பார். அவர் முன்பே நின்றுகொண்டுதான் இருப்பார்.]

முடிவு ஆ: சிவப்பு மட்டை உயர்கிறது. ஜெயபாய் நிற்கிறார், திரும்பி வந்து தோழியைக் கட்டிக்கொள்கிறார்.

முடிவு இ: மழை பிடித்துக்கொள்கிறது, போட்டியைத் தள்ளிவைக்கிறார்கள்.

மூன்றையும் ஜெயபாயிடம் வாசித்தேன். இ-யைக் கேட்டுவிட்டு, "மழைன்னா எவன் நிறுத்துவான்? நனைஞ்சிட்டு நடப்போம்" என்றார். ஆ-வுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அ-வுக்குத்தான் வந்தது கோபம்.

"ஞாயித்துக்கிழமை நான் செய்ய வேண்டியத நீ வியாழக்கிழமையே செஞ்சு வச்சிட்டா, பிறகு நான் அங்க எதுக்கு வரணும்? வீட்டுல கெடந்து உறங்கலாமே."

முடிவு அ-வை அடித்தேன். மனசில்லாமல்தான் அடித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

6.

(இந்தப் பகுதியை ஜெயபாய்க்கு வாசித்துக் காட்டவில்லை.)

புதன்கிழமை மதியம் பொன்னம்மை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன் என்றார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மருமகன் கதையெல்லாம் பேசினார். எழுந்து போகிற நேரத்தில்தான் சொன்னார்.

"தாணு, அவ தூக்கினா எனக்குக் கை எழும்புமான்னு தெரியல்ல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எத்தனையோ பிள்ளைகளை வெளிய விட்டிருக்கேன். அழும், திட்டும், எனக்கு ஒண்ணும் தோணாது. தூக்கினா தூக்கினதுதான். ஆனா இவ... கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போ இவ தூக்கிட்டா நான் என்ன செய்வேன்? காட்டினா இவ செத்தாலும் முடிக்க மாட்டா. காட்டலைன்னா நான் நடுவரே இல்ல. அவளும் அதை முடிச்சதா ஏத்துக்க மாட்டா. ரெண்டு நாளா சோறு இறங்கல்ல."

இருபது வருடமாகப் பாத்திரங்களை அழ வைத்தவனுக்கு, எதிரில் அழாமல் நிற்கிற ஒருத்தரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கவலைப்படாதீங்க அக்கா, இதைக் கதையில எழுத மாட்டேன்" என்றேன்.

"எழுது."

"ஜெயபாய் அக்கா படிச்சிருவாங்க. சனிக்கிழமையே கைக்குப் போயிரும்."

"அதுக்குத்தான் சொல்லுகேன், எழுது. எட்டு மாசமா 'காலைத் தரையில வை, காலைத் தரையில வை'ன்னு கத்துகேன். தனக்காண்டி அவ வைக்க மாட்டா, கோட்டைப் பாத்தா பறப்பா. எனக்குக் கை எழும்பாதுன்னு தெரிஞ்சா வைப்பா. எனக்காண்டி வைப்பா. நேருல சொன்னா சிரிச்சிருவா, நானும் சிரிச்சிருவேன். நீ அச்சுல போடு."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தப் பகுதியை எழுதினேன். ஒரு சொல்லும் அடிக்கவில்லை.

7.

இதுவரை வாசகரே என்று உங்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். இனி ஒரே ஒரு வாசகரிடம் பேசப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்டேடியத்தின் கேட் திறந்திருக்கும், டிக்கெட் கிடையாது, நீங்களும் வாருங்கள்.

ஜெயபாய் அக்கா, சனிக்கிழமை விழிஞ்ஞத்தில் ஒரு ஃபிளாட்டில் உங்களுக்கு டைல்ஸ் வேலை என்று தெரியும். அந்த ஃபிளாட்டுக்கே வந்து பத்திரிகையைக் கையில் தந்துவிட்டுப் போகிறேன். சிமெண்டுக் கையைத் துடைத்துவிட்டு ஆறாம் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். படித்ததும் போனை எடுத்துப் பொன்னம்மை அக்காவைத் திட்ட வேண்டாம். என்னைத் திட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவைத் தாண்டியதும் அவர் புல்லோரமாக உங்களோடு கூடவே வருவார். சிவப்பு மட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருப்பார். நீங்கள் தூக்கினால் அவர் அதை உயர்த்துவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. அது உங்களிடம் இருக்கிறது.

கோடு கண்ணுக்குத் தெரியும்போது அவசரப்படாதீர்கள். முட்டியை நீட்டுங்கள், காலைத் தரையில் வையுங்கள். அவர் கைக்கு வேலை வைக்காதீர்கள், அக்கா.