நிரந்தரமாக மூடப்பட்டது

கடைக்குள் வந்ததும் தபால்காரர் முதலில் மாமாவைத் தொட்டுப் பார்த்தார். தோளில் ஒரு தடவை, முன்கையில் ஒரு தடவை. பிறகு தெருக்கோடி வரை கேட்கும்படி, "உயிரோடதான்யா இருக்கே!" என்று கத்தினார். ஓய்வுபெற்று வருடங்கள் ஆகியும் எங்களுக்கு அவர் தபால்காரர்தான். மாமாவின் கடையில் காது மிஷின் வாங்கிய முதல் பத்துப் பேரில் ஒருவர்.

"ஏன், போய்ச் சேந்துட்டேன்னு எவனாவது சொன்னானா?" என்று மாமா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

"எம்பொண்ணுதான் சொன்னா. போன்ல தேடிப் பாத்தாளாம். கடையை நிரந்தரமா மூடிட்டாங்கன்னு போட்டிருக்காம். நிரந்தரமான்னா நான் என்னன்னு நெனைக்கிறது?" கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே அவருடைய காது மிஷின், குழாய் விட்டுப்போய்க் கிடந்தது. ஒரு வாரமாக அது இல்லாமலேயே இருந்திருக்கிறார். திங்கட்கிழமை மகள் ஊருக்கு மறுகோடியில் இருக்கும் பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மனசு கேட்காமல், வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அக்காவோடு உட்கார்ந்து காது மிஷின் குழாய்களை அளவாக நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். மேப்பில் மாமாவின் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் இருந்தது: நிரந்தரமாக மூடப்பட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். "சே, இது ஒரு விஷயமா மாமா! என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். ஏனென்றால் நான் வேலை பார்ப்பதே அந்த மேப்புக்காகத்தான்.

அந்தப் பெரிய கம்பெனியில் என்று சொல்ல முடியாது. அந்தக் கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் ஆபீஸ். மாமாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. அக்காவைக் கட்டினவர்; அப்பா போன பிறகு ஒன்பது வயதிலிருந்து என்னை வளர்த்தவர் அவர். முதல் நாள் வேலைக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மச்சினி மேப்புல இருக்கா. ஊர்ல இருக்கற கடையெல்லாம் அவ கையிலதான்" என்று பெருமையடித்துக்கொள்வார். பாதிப் பேருக்கு அது காதில் விழாது. மறுபடி சொல்வார், இன்னும் சத்தமாக. நான் உள்ளே போய் ஒளிந்துகொள்வேன்.

என் வேலை இதுதான். திரையில் ஒரு கடை வரும். பெயர் வராது, போன் நம்பர் வராது, தெரு வராது. தெரிந்தவர் கடையென்றால் சலுகை காட்டிவிடுவோமாம், அதனால் மறைத்திருக்கிறார்கள். 'மருத்துவக் கருவி', 'தையல்', 'பழுதுபார்ப்பு' என்று ஒரு வகை மட்டும் தெரியும். கம்ப்யூட்டரே நம்பரை அழைக்கும். எடுத்தால், "வணக்கம், உங்கள் கடை இயங்கிக்கொண்டிருக்கிறதா?" என்று கேட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எடுக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் எடுக்காவிட்டால் இன்னொரு பொத்தான். எல்லாம் ஒரே காலைப் பொழுதுக்குள் முடிய வேண்டும். காலையில்தான் எல்லாக் கடைக்காரர்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று எங்கேயோ இருந்துகொண்டு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது அழைப்புகள்.

அன்று சாயங்காலமே மாமாவின் பெயரில் முறையீட்டுப் படிவத்தை நிரப்பினேன். கடையின் படம், கரண்ட் பில், உரிமம் எல்லாவற்றையும் இணைத்தேன். மூன்றாம் நாள் நான்கு வரியில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, பரிசீலித்தோம், தகவலில் மாற்றம் தேவையில்லை, இந்த அஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். மறுபடி நிரப்பினேன். அதே நான்கு வரி. கால்புள்ளி கூட மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் பச்சைக்கொடியிடம் போனேன். எங்கள் டீம் லீடர். எதைக் கேட்டாலும் திரையைப் பார்த்துவிட்டு "எல்லாம் பச்சையிலதாம்மா இருக்கு" என்பார், அதனால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. தெரிந்தவர் ஒருத்தரின் கடை என்று மட்டும் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தேடினார்.

"மூணு கால் போயிருக்கு. பத்தரை, பதினொன்றரை, பன்னெண்டே முக்கால். எதையும் எடுக்கல. ரூல்படிதான் மூடியிருக்கு. சுத்தமான வேலை" என்றார். பிறகு திரையை நெருங்கிப் பார்த்தார். மானிட்டரை மெதுவாக என் பக்கம் திருப்பினார். மூடியவர் எண் என்ற இடத்தில் என் எண் இருந்தது.

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மாமா காது சோதிக்கிற நேரம். அப்போது போனைத் துண்டில் சுற்றி மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்துவிடுவார். கேட்குமா கேட்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் மணி அடித்தால் எல்லாம் கெட்டது. "அந்த மூணு மணி நேரம் சாமியே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்" என்பாள் அக்கா. இது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட விடுமுறையில் அந்தப் போனை இழுப்பறையில் வைப்பது என் வேலையாக இருந்தது. அந்த நாளை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். 'மருத்துவக் கருவி' என்று வந்திருக்கும். மூன்று தடவை மணி போயிருக்கும். நான் பக்கத்து இருக்கைக்காரியிடம் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டே அழுத்தியிருப்பேன். ஒன்றும் நினைவில்லை. நூற்று நாற்பதில் ஒன்று.

"இதைத் திறக்க முடியாதா சார்?"

"முடியும். மூடினவங்களே 'தவறுதலாக அழுத்தினேன்'னு போட்டா உடனே திறந்துடும். மூடின நாள்லேருந்து முப்பது நாளைக்குள்ள. இன்னும் பதினோரு நாள் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா உன் கணக்குல ஏற்கெனவே ரெண்டு தப்பு இருக்கும்மா. மூணாவது விழுந்தா ஆட்டோமேட்டிக்கா வெளிய போயிடுவே. நான் நெனைச்சாலும் நிறுத்த முடியாது."

"ரூல்படிதான் செஞ்சேன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்புறம் அது எப்படி என் தப்பாகும்?"

"ரூல்ல தப்புன்னு போட எடமே இல்லம்மா. ஆள் மேலதான் போட முடியும்."

"ரூல் போட்டவங்க யாரு?"

"எனக்கு மேல."

"உங்களுக்கு மேல யாரு?"

அவர் அனிச்சையாக அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஏசிதான் இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எப்படிச் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினோரு நாள். என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு முதுகு ஆபரேஷன் ஆகி அவர் படுக்கையில் இருந்த சமயம். வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். அந்த மாதம்தான் எங்கள் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கிற மாதம். படிவம் ஒன்று போகாவிட்டால் இன்னொன்று போகும், மனுஷன் ஒருத்தன் கண்ணில் படாமலா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மாமாவாக இருந்தால் பதினோரு நாள் யோசித்திருக்க மாட்டார். பதினோரு நிமிஷம் கூட யோசித்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரத்தில் அந்தப் பதிவு வரை போவேன். சுட்டியை அந்தப் பொத்தான் மேல் கொண்டுபோய் வைப்பேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிடுவேன். முப்பதாவது நாள் செவ்வாய்க்கிழமை. அன்று தலைவலி என்று பாதி நாளில் வீட்டுக்குப் போனேன். புதன்கிழமை பார்த்தபோது பொத்தான் வெளிறிப் போயிருந்தது. அழுத்திப் பார்த்தேன். முந்தின நாள் அழுத்தாத விரலால் நாற்பது தடவையாவது அழுத்தியிருப்பேன். அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. காலாண்டில் தவறு குறைவாகச் செய்தவர்களுக்கு என்று திரையில் இரண்டு கைகள் தட்டுகிற படம் வந்தது.

மாமா என் பேச்சைக் கேட்டுப் போனை இழுப்பறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். "எந்நேரமும் கூப்பிடுவாங்க மாமா, எடுத்துடுங்க" என்று நான்தான் சொல்லியிருந்தேன். வந்ததெல்லாம் கடன் வேணுமா, வீட்டுமனை வேணுமா என்கிற அழைப்புகள். ஒரு பாட்டியின் சோதனை இரண்டு தடவை கெட்டுப்போனது. "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை பாக்கலாம்" என்று அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அதற்கு முன் அவர் சோதனையை நடுவில் விட்டுப் போனை எடுத்து நான் பார்த்ததே கிடையாது.

வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். மற்ற கடைக்காரர்களுக்கு இப்படி நடந்தால் வாடிக்கையாளர் போன் போட்டாவது கேட்பார். காது கேட்காதவர் எப்படிப் போன் போட்டுக் கேட்பார்? பிள்ளைகள்தான் தேடிப் பார்த்துக் கூட்டிவருகிறார்கள். பிள்ளைகள் போனில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அக்கா 'கடை திறந்திருக்கிறது' என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினாள். அதைப் படிக்க முதலில் யாராவது அந்தத் தெருவுக்குள் வர வேண்டுமே. காலையில் பத்து மணிக்கு மாமா காது சோதிக்கும் கூண்டைத் துடைத்துவிட்டு, ஹெட்போனைத் துடைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். அக்கா டீயோடு வந்துவிடுவாள். அவள் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஏழு மாதம் தாங்கினார். பெயர்ப்பலகையை இறக்கின மறுநாள் என் ஒன்பதாவது படிவத்துக்குப் பதில் வந்தது. தகவல் சரிபார்க்கப்பட்டது, சரியாகவே உள்ளது. அன்றைக்கு அது உண்மைதான். இனிமேல் யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மாமா இப்போது ஊரின் மறுகோடியில் அந்தப் பெரிய கடையில்தான் வேலை பார்க்கிறார். மகன் வயதிருக்கும் மேனேஜருக்குக் கீழே, நீலச் சட்டையும் 'உதவ மகிழ்ச்சி' என்று எழுதின வில்லையுமாக. ஒருவருக்கு இருபது நிமிடம்தான் என்று கணக்காம். "பரவாயில்ல, ஏசி இருக்கு" என்பார். போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டி, "எனக்காக நடையா நடந்தது இவ ஒருத்திதான் மாப்ளே. அவங்க ஆபீஸ்லயே போய்ச் சண்டை போட்டிருக்கா. நான் பெத்த பொண்ணு இருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டா" என்றார். அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. வலது காதில் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் கேட்கிறது, கொஞ்ச நாளாகவே இருக்கிறது என்று ஏதோ சொல்லி எழுந்துவிட்டேன். பொய் இல்லை. எட்டு மணி நேரம் ஹெட்போன் போட்டுக்கொண்டு மணி அடிப்பதையே கேட்கிற காது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? சனிக்கிழமை கடைக்கு வா" என்றார்.

போனேன். இந்தக் கூண்டு அவருடையதை விடப் பெரியது. தடித்த கதவு, சுவரெல்லாம் பஞ்சு, முன்னால் ஒரு கண்ணாடி. மாமா ஹெட்போனை என் தலையில் மாட்டி, முடியை ஒதுக்கி, சரிபார்த்தார். "சத்தம் கேட்டா கையைத் தூக்கு. எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. சந்தேகமா இருந்தாலும் தூக்கு" என்றார். கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

அப்படி ஓர் அமைதியில் நான் இருந்ததே இல்லை. மாமா தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். நான் பேசினால் அவருக்கு ஒரு எழுத்துக் கூடக் கேட்காது. அந்தத் தைரியத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "மாமா, கடையை மூடினது நான்தான். மூணு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கல. நான்தான் அழுத்தினேன். அப்புறம் திறக்க முடிஞ்சும் திறக்கல. வேலை போயிடும்னு பயந்துட்டேன் மாமா." என் குரல் எனக்கே எங்கோ அடியிலிருந்து வருவது போல் இருந்தது.

நிமிர்ந்தபோது மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரலே எழும்பாதவர்களிடம் இருபத்தெட்டு வருடம் உதட்டைப் பார்த்தே பேச்சை வாங்கிய மனிதர் அவர். அவர் கண் என் கண்ணில் இல்லை, என் வாயில் இருந்தது. திருகைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றிருந்தன.

வெளியே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு இயந்திரத்தின் மேல் குனிந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நரைத்த உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சத்தம் ஏதும் அனுப்பவில்லையா, அனுப்பியது எனக்கு எட்டவில்லையா என்று தெரியவில்லை. இரண்டு காதிலும் ஒன்றுமே கேட்கவில்லை. நான் கையைத் தூக்கினேன்.