ஒரே ஆள், இரண்டு டியூப்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஜெயப்பிரியா, ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கிறாள். பெருங்குடல் புற்றுநோய் யாருக்கு, ஏன் வருகிறது, அதை மலப் பரிசோதனை மூலம் முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பது ஆராய்ச்சி.

"ஒரே மனுஷன், ஒரே காலை, ஒரே தடவை போனது. ரெண்டு டியூப்ல எடுத்தா ஒண்ணுல ரத்தம் இருக்கு, இன்னொண்ணுல இல்ல. கதை எழுதுவீங்களா?" என்றாள். லிஃப்டில் இருந்த இன்னும் இரண்டு பேர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

எழுதுகிறேன் என்றேன். ஆட்களும் பட்டறையும் பேச்சும் என் கற்பனை. (மலம் என்ற சொல்லை எத்தனை முறை போடலாம் என்று இதழாசிரியரைக் கேட்டேன். இரண்டு என்றார். இதோடு இரண்டும் தீர்ந்தது.)

2

முதல் தொடக்கம்: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அதிகாலைப் பனி மெல்ல விலக—

பனியாவது. லாரிப் புகை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அழகேசனின் கையிலிருந்த தாள் நடுங்கியது. அதிலிருந்த ஒரே ஒரு வரி—

இது பரவாயில்லை. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழகேசன் ஏன் அழாமல் விழித்தார் என்பது முன்கதை தெரியாமல் விளங்காது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அழகேசனுக்கு ஐம்பத்து மூன்று வயது. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். பக்கத்து லேத்தில் ஆரோக்கியசாமி, சேக்காட்டிலிருந்து வருபவர், அதே வயது, இருபத்தேழு வருடக் கூட்டாளி. பட்டறையில் ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் ஜெயப்பிரியா ஆளுக்கொரு டியூபும் குச்சியும் கேள்வித்தாளும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும்.

அழகேசனின் வயிற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கெடு வைத்தால் அது வேலைநிறுத்தம் செய்துவிடும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் போயின. வாழைப்பழம், வெந்நீர், மனைவி கோமளா கொடுத்த விளக்கெண்ணெய், எதற்கும் அசையவில்லை. ஆரோக்கியசாமிக்கோ காலை ஆறு என்றால் ஆறு, சங்கு ஊதுகிற மாதிரி. "டியூப என்னாண்ட குடு மாமே, ரெண்டுத்தையும் நானே முட்ச்சிடறேன்" என்று வாங்கிப் போனார். வெள்ளிக்கிழமை இரண்டிலும் நிரப்பி, நண்பர் பெயரையும் அழகாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

முடிவு வந்தது. ஆரோக்கியசாமியின் டியூபில் ரத்தம் இல்லை. அழகேசனின் டியூபில் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3

இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆரோக்கியசாமியின் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்ததை அழகேசன் கவனிப்பதாக. தொடர்கதை எழுதுகிறவனுக்குக் கை சும்மா இராது. துப்பு வைத்தே பழக்கம்.

ஜெயப்பிரியா படித்துவிட்டு அடிக்கச் சொன்னாள். பல பேருக்கு இந்த நோய் ஆரம்பத்தில் எந்தத் துப்பும் வைக்காது, பசிக்கும், தூங்குவார்கள், பெல்ட் அதே ஓட்டையில் இருக்கும், அதனால்தான் டியூபைக் கொடுத்துக் கேட்கிறோம் என்றாள். ஆகவே ஆரோக்கியசாமி இந்தக் கதை முழுவதும் நன்றாகவே இருப்பார். மத்தியானம் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார். அழகேசனைப் பயமுறுத்தியதே அதுதான்.

4

வீட்டில் கோமளா தாளைப் பார்த்து அழுதாள். அழகேசனுக்கு மொட்டை போடுவதாக, அவரைக் கேட்காமலே, திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அவள் அழுகை நிற்கும். ஆனால் அது ஜெயசீலிக்குப் போய்ச் சேரும். ஜெயசீலி ஆரோக்கியசாமியின் மனைவி. முதலில் ஆரோக்கியசாமியிடமே பேசிவிடலாம் என்று அழகேசன் டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

"மாமே, பேப்பர் என் பேர்ல வந்துகீது. சரக்கு உன்னுது."

"என் பேப்பர்ல ஒண்ணும் இல்லன்னு போட்டுகீது. உன் பேப்பருக்கு நீ போ."

"ரெண்டும் நீதான்டா ரொப்பின."

"அத்த எவன் பாத்தான்?"

சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது கரைந்து உள்ளே விழுந்தது. வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோனார். அழகேசன் அதைப் பார்த்தார்.

"சரி, நானே போறேன்" என்றார். "வயித்த காலி பண்ணிகினு படுக்கறேன். கேமராவ உட்டு பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்தா, அது யார்துன்னு உனக்கே தெரிஞ்சிடும் இல்ல?"

ஆரோக்கியசாமி டீயைக் கீழே ஊற்றினார்.

(இங்கே, கேமராவை விட்டால் அழகேசனுக்குள்தான் ஏதோ இருந்தது என்று ஒரு திருப்பம் தோன்றியது. சொன்னேன். ஜெயப்பிரியா இரண்டு நாள் லிஃப்டில் என்னோடு பேசவில்லை.)

5

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஜெயப்பிரியாவிடம் ஒப்புக்கொண்டார்கள். அவள் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டாள். அழகேசன் பீடி தொடாதவர், சனிக்கிழமை சைவம். ஆரோக்கியசாமிக்கு நாளுக்கு ஒரு கட்டு பீடி. நோய்க்குக் காரணம் தேடுகிற ஆராய்ச்சியில் கேள்வித்தாளில் அழகேசன் எழுதிய பதில்களுக்கு நேரே ஆரோக்கியசாமியின் ரத்தம். அழகேசனுக்குப் புது டியூப் கொடுத்து, கெடு எதுவும் இல்லை என்றாள். கெடு இல்லை என்றதும் மறுநாளே வேலை முடிந்தது. (முடிவும் வந்தது: ரத்தம் இல்லை. மொட்டை மட்டும் ரத்தாகவில்லை.)

ஆரோக்கியசாமி ஒரு யோசனையோடு வந்திருந்தார். "ஒண்ணு இருக்குது, ஒண்ணு இல்ல. மூணாவது ஒண்ணு வெச்சு பாத்துடலாம்மா. எது ரெண்டு வருதோ அது."

"இது மேட்ச் இல்லண்ணே. ரத்தம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கலந்திருக்காது. குச்சி பட்ட எடத்துல இருந்தா வரும், இல்லாட்டி வராது. ஒரு தடவை வந்துட்டா உள்ள பாத்துத்தான் ஆகணும்."

"பாத்து, அதுவா இருந்தா?"

"பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் இப்பவே பாத்தா எங்களால நெறைய செய்ய முடியும்."

அவர் வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "ஜெயசீலிகிட்ட யார் சொல்றது?" என்றார்.

அழகேசன் சொன்னார். ஜெயசீலி கேட்டுவிட்டு, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (எதனால் வந்த கண்ணீர் என்று மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன்.) எழுந்து காலண்டரைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை போறோம்" என்றாள். புருஷனைக் கேட்கவில்லை.

6

திங்கட்கிழமை ஆரோக்கியசாமி குடித்த பேதி மருந்தையும், அதற்குப் பிறகு கழிவறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்த ஓட்டத்தையும் எழுத எனக்குச் சொற்கள் மிச்சமில்லை. ஆசிரியரிடம் கோட்டா தீர்ந்துவிட்டது. செவ்வாய் காலை மயக்க ஊசி போட்டு அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

இனி முடிவு. ஒன்றும் இல்லை, மூல ரத்தம் என்று எழுதினால், சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று தொழிற்பேட்டை முழுவதும் டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடும். சின்னதாக ஒரு பாலிப், பின்னாளில் கெட்டதாக மாறக்கூடிய சதை வளர்ச்சி, அதை உள்ளே விட்ட குழாய் வழியாகவே கத்தரித்து எடுத்துவிட்டார்கள் என்றால் ஜெயப்பிரியாவுக்குப் பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். ஆரம்ப நிலைப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, பிழைத்து வருகிறார் என்பது ஆசிரியருக்குப் பிடிக்கும், இன்னும் ஆறு வாரம் இழுக்கலாம். மூன்றும் நடக்கக்கூடியவை. மூன்றில் எதை நான் எழுதினாலும் அது ஆரோக்கியசாமிக்காக அல்ல, வேறு யாருக்காகவோ எழுதியதாகத் தெரிகிறது.

ஆகவே எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி இதுதான். கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினார். ஆரோக்கியசாமி கூட வந்தது யார், டாக்டர் பேசணும், ஒருத்தர் மட்டும் வரலாம் என்றார். ஜெயசீலியும் அழகேசனும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஜெயசீலி ஓரடி வைத்தாள், நின்றாள், உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கண்ணா" என்றாள். "பேப்பர் உங்க பேர்லதானே வந்துச்சு."

அழகேசன் உள்ளே போனார். நான் ஜெயசீலியோடு வெளியில் இருக்கிறேன். கூடப் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் தாராளமாகப் போகலாம், கதவைத் தாழிடவில்லை.